ஆடி முடிவதற்குள்: தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

ஜூலை 30 வருகிறது. 2019 முதல் அந்த நாளை மருத்துவமனை தினமாகக் கொண்டாடி வருகிறோம். வாசலில் கோலம் போடுவார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படத்தைத் துடைத்து மாலை போடுவார்கள். வார்டில் இருக்கும் தாய்மார்களுக்குப் பழமும் ரொட்டியும் கொடுப்பார்கள். பணியின் கடைசி ஆண்டுகளில் அந்த மாலையை வாங்கப் பேருந்து நிலையத்துப் பூக்கடைக்குப் போனவள் நான்தான். மாலை போட்ட கையோடு பேறுகாலப் பதிவேட்டைத் திறந்து வேலையைத் தொடங்கியதும் நான்தான். அந்தப் பதிவேட்டில் என்ன இருந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பென்னாகரம் பக்கத்து மலையடிவாரத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்தின் சரளைப் பாதைகளில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் ஊரார் என்னை நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உங்களில் பலர் என் மகள் வயதுக்காரர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். சில இடங்களில் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கப்போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூலை 30 தொடங்கி ஆகஸ்ட் 15 கிராம சபை வரையிலான நாட்களை, பதினெட்டு வயது நிறையாமல் திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்டிருக்கும் பெண்பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். கர்ப்பமாகி உங்கள் மேசைக்கு வரும் வரை காத்திருக்காதீர்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்.

இது மருத்துவரின் வேலையா என்று கேட்பீர்கள். எனக்கும் ஒரு காலத்தில் அந்தக் கேள்வி இருந்தது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வைகாசி மாதம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிச் சில வாரங்களே ஆகியிருந்த ஒரு பெண்ணைத் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள். ஊருக்கு வருவது மாரியம்மன் பண்டிகைக்கும் பொங்கலுக்கும்தான். பிள்ளையை வளர்த்தது பாட்டி; எங்கள் பக்கம் ஆயா என்போம். “வயதுக்கு வந்த பிள்ளையை நான் எத்தனை நாள் காவல் காப்பது?” என்று அந்த மூதாட்டி கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஐப்பசியில் அவளை என்னிடம் கூட்டி வந்தார்கள். இரண்டாம் மாதம். பதிவேட்டைத் திறந்து வயதைக் கேட்டேன்.

“பத்தொன்பது என்று போடு சாமி” என்றாள் ஆயா.

அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவளுடைய அம்மாவுக்குத் தடுப்பூசி போட்டவளே நான்தான். அவளுக்கு என்ன வயது என்று எனக்குத் தெரியாதா? பதினைந்து முடிந்து பதினாறு நடந்துகொண்டிருந்தது. அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் 19 என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்க வேண்டுமானால் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பணம் வந்தால்தான் அந்த வீட்டில் முட்டையும் பாலும் வாங்குவார்கள். உள்ளதை எழுதினால் பணமும் கிடைக்காது, காவல்துறையும் வரும், மறுமுறை பரிசோதனைக்கு அவளை அனுப்பவும் மாட்டார்கள். அன்று அதை இரக்கம் என்றே நினைத்தேன். சின்ன வயதில் தாயானவர்களைக் காக்கப் பாடுபட்ட ஒரு மருத்துவரின் பெயரைத் தாங்கிய திட்டத்துக்காகவே அந்தச் சின்ன வயதை நான் மறைத்தேன். இதைப் பல ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை.

பதினைந்து என்று எழுதியிருந்தால் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் குறி விழுந்திருக்கும். ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணி என்று ஒவ்வொரு முறையும் மருத்துவரே பார்த்திருப்பார். பத்தொன்பது என்று எழுதியதால் சாதாரண வரிசையில் நின்றாள். எட்டாம் மாதம் முகமும் காலும் வீங்கின. மாசமாக இருந்தால் வீங்கத்தான் செய்யும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்த மாதம் மலையிலிருந்து இறங்கி வரவில்லை; நானும் ஏறிப் போகவில்லை. ஒரு நள்ளிரவில் வலிப்பு வந்தது. 108 வண்டி வந்து நிற்கக்கூடிய இடம் வரை தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு அவளைக் காப்பாற்றினார்கள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. பதினேழு வயதில் அவள் மறுபடியும் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அதன் பிறகு நான் பொய் எழுதவில்லை. இனிமேல் சட்டப்படிதான் நடப்பது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். அப்படி நடந்ததன் கதையையும் கேளுங்கள்.

வேறொரு ஊர், வேறொரு பெண். பதினேழு வயது. பதினேழு என்றே எழுதினேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறபடி காவல்துறைக்குத் தகவல் போனது. டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவளுடைய கணவனுக்கு இருபத்திரண்டு வயது, கைது செய்தார்கள். அவளைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள், பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த வீட்டுக்கு? மகனைச் சிறைக்கு அனுப்பியவள் என்று மாமியார் கதவைச் சாத்தினாள். பிறந்த வீட்டில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. இரண்டு நாளைக்கு மேல் அங்கே இடமில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் துணை சுகாதார நிலையத்தின் வாசலில் வந்து நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பதினொரு நாள் என்னுடன் தங்கினாள். பன்னிரண்டாம் நாள் திருப்பூருக்கு மில் வேலைக்குப் போகிறேன் என்று பஸ் ஏறினாள். பிறகு அவளைப் பற்றி எனக்கு எந்தச் செய்தியும் இல்லை.

பொய் எழுதியபோது ஒரு பெண்ணுக்குத் தீங்கு செய்தேன். உண்மை எழுதியபோது இன்னொரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது நான் மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். நம் செவிலியர் ஒவ்வொருவரும் நிற்கிறார்கள். உங்களில் பலரும் நிற்கிறீர்கள். பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஓய்வுக்குப் பிறகு, ஆண்டுதோறும் நாம் மாலை போட்ட அந்த அம்மையார் உண்மையில் என்ன செய்தார் என்று தேடிப் படித்தேன். பள்ளிப் புத்தகத்தில் ‘முதல் பெண்’ என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதற்கு அப்பால். படித்தபோது, என் இரண்டு கதைகளுக்கும் நடுவில் நான் தவறவிட்ட ஒன்றை அவர் செய்திருப்பதைக் கண்டேன்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் அவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அவருடைய அம்மா சந்திரம்மாள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கவே விரும்பினார். நம் ஆயாக்களைப் போலத்தான், பயம். அப்பா நாராயணசாமி ஐயர் வீட்டிலேயே படிக்கவைத்தார். மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊரே எதிர்த்தபோது, புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். பிறகு எழும்பூரில் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணி. 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். மணந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. இந்த ஒரு எண்ணை நம் ஊர்ப் பள்ளிகளில் எழுதிவைக்கலாம்.

1927இல் அவர் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நன்றாக நடந்துகொண்டிருந்த மருத்துவத் தொழிலை வைத்துக்கொண்டு அங்கே போக அவர் முதலில் தயங்கினார். ஆனால் போனார். பிரசவ விடுதியில் தான் பார்த்த சிறுவயதுத் தாய்மார்களை அந்த அவைக்குள் கொண்டுபோனார். பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபத்தொன்று என்று திருமண வயதை உயர்த்த வேண்டும் என 1928இல் அவர் வலியுறுத்தினார். அடுத்த ஆண்டு மத்திய சட்டசபையில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு என்பதோடு நின்றுவிட்டது. 1949இல் அது பதினைந்து ஆனது. பதினெட்டாக உயர்ந்தது 1978இல்தான், அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு.

தேவதாசி முறையும் அப்படியே. 1927இல் அவையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல், கோயில் மானிய நிலத்துக்காகப் பொட்டுக்கட்டும் (பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும்) ஊழியத்தில் பிணைக்கப்பட்டிருந்த பெண்களை அந்தப் பிணையிலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தம் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை 1930இல் முன்வைத்தார். அதே ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அந்த மசோதா சட்டமானது 1947இல். இடையில் பதினேழு ஆண்டுகள்.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். சட்டம் பதினேழு ஆண்டு காத்திருந்தது. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் 1935இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் கேட்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவரின் கோரிக்கை அது. அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு அந்த மருத்துவமனை தொடங்க 1954 ஆகிவிட்டது. ஆனால் 1930இல், பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிய சிறுமியர் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அன்றைய விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் சட்டம் வரட்டும் என்று சொல்லவில்லை, நிதி வரட்டும் என்றும் சொல்லவில்லை. தன் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம்.

பதினொரு நாள் நானும் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் அவளைப் பஸ் ஏறவிட்டேன். அந்தப் பன்னிரண்டாம் நாளில்தான் எனக்கும் அவருக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

அந்த இல்லத்துக்கு அவர் வைத்த பெயர் நம் மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் அந்நியமானதல்ல. தகடூர் என்பது இந்தத் தருமபுரிதானே. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தவன் ஆண்ட மண் இது. அதியமான்கோட்டையைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். அதே மண்ணுக்குத்தான் பெண் சிசுக்கொலை நடக்கும் மாவட்டம் என்ற பெயரும் வந்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கேயும் வந்தது. தொட்டிலில் போட்ட குழந்தைகளை எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பெண் குழந்தையைப் பிறந்தவுடன் இழக்காமல் இருக்க நாம் பட்ட பாட்டில் பாதியை, அதே குழந்தை பதினைந்து வயதை எட்டும்போது நாம் படவில்லை. இது என் மனத்தில் நீண்ட நாளாக இருக்கும் வருத்தம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நம் ஊர்களில் கல்யாணம் எப்போது நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் வைகாசியில் ஒரு கூட்டம். ஆடியில் யாரும் தாலி கட்டமாட்டார்கள். ஆனால் நிச்சயம் பேசுவது, நகைக்குக் கடன் வாங்குவது, புளி விற்ற பணத்தையும் மாங்காய் விற்ற பணத்தையும் எண்ணிவைப்பது, பெங்களூரிலிருந்து அப்பாவை வரச்சொல்லித் தகவல் அனுப்புவது எல்லாம் ஆடியில்தான் நடக்கும். ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு மண்டபம் அப்போதே சொல்லியாகிவிடும். ஜூலை 30 ஆடியின் நடுவில் வருகிறது. ஆகஸ்ட் 15 ஆடியின் கடைசி நாட்களில் வருகிறது. ஒரு கல்யாணத்தை யாருக்கும் அவமானம் இல்லாமல், யாரையும் சிறைக்கு அனுப்பாமல் தடுக்கக்கூடிய காலம் ஆண்டில் இதுதான். தாலி ஏறிய பிறகு நாம் செய்வதெல்லாம் வழக்கு. அதற்கு முன்பு செய்வதுதான் வைத்தியம்.

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி, நடக்கப்போகும் திருமணத்துக்கு நீதித்துறை நடுவர் தடையாணை கொடுக்கலாம். அந்த ஆணையை மீறி நடத்தப்படும் திருமணம் செல்லாது. மாவட்ட சமூகநல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ஒரு அழைப்புப் போதும். ஆனால் ஊருக்குள் ஜீப் வருவதற்கு முன்பு நீங்கள் வர வேண்டும். ஜீப்பைப் பார்த்தால் பெண்ணை எல்லை தாண்டிக் கர்நாடகத்துக்குக் கூட்டிப்போய் அங்கே கோயிலில் தாலி கட்டிவிடுவார்கள். அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் வந்தால் கதவைச் சாத்தமாட்டார்கள். நாற்காலி எடுத்துப்போட்டு உட்காரவைப்பார்கள். நம் ஊரில் மருத்துவருக்கு இருக்கும் அந்த மரியாதையை இந்த ஒரு காரியத்துக்குச் செலவழியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என்ன பேசுவது? சட்டத்தைப் பேசாதீர்கள். பதினைந்து வயதில் இடுப்பெலும்பு முழுதாக வளர்ந்திருக்காது என்று சொல்லுங்கள். இரத்தசோகையோடு பிள்ளை பெற்றால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். வலிப்பு வந்த பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள். சொந்தத்துக்குள், அக்காள் மகளைக் கட்டுவதால் குழந்தைக்கு வரும் நோய்களையும் சொல்லுங்கள். ஆயாக்கள் கேட்பார்கள். அவர்கள் தாங்களே பதினான்கில் பெற்று, பெற்றதில் பாதியைப் புதைத்தவர்கள். அவர்களுக்குத் தெரியாததை நீங்கள் சொல்லப்போவதில்லை. அவர்கள் தங்கள் மனத்துக்குள் அறிந்ததை ஒரு மருத்துவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்பது அவர்களுக்கு வேறு. என் அனுபவத்தில் ஆண்களைவிட அவர்கள்தான் முதலில் மனம் மாறுகிறார்கள்.

பிள்ளையை எங்கே விடுவது என்று கேட்பார்கள். அதுதான் உண்மையான கேள்வி, அதற்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும். பெற்றோர் வெளியூரில் இருக்கும் பெண்பிள்ளைக்கு அரசு மாணவியர் விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தால் பாதிக் கல்யாணம் நின்றுவிடும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது, நல்ல திட்டம். அந்த அம்மையாரும் பொட்டுக்கட்டுவதை எதிர்த்துப் போராடியவர்தான். ஆனால் அந்தப் பணம் கல்லூரிக்குள் காலடி வைத்தால்தான் வரும். நம் பிள்ளைகள் விழும் பள்ளம் பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் நடுவில் இருக்கிறது. மேல்நிலைப்பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டிய ஊர்கள் எத்தனை என்று உங்கள் செவிலியரைக் கேளுங்கள், விரல்விட்டுச் சொல்வார். அந்தப் பட்டியலை மாவட்ட ஆட்சியரிடம் பள்ளிக்கூட ஆசிரியர் கொடுத்தால் அது போக்குவரத்துக் கோரிக்கை. மருத்துவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது தாய்மார் மரணத்தைத் தடுக்கும் கோரிக்கை. கையெழுத்தின் கனம் மாறும்.

தடுக்க முடியாமல் போன பெண்களும் உங்களிடம் வருவார்கள். அவர்கள் விஷயத்தில் எனக்கு ஒரு தனி வேண்டுகோள் உண்டு. உண்மையான வயதை எழுதுங்கள். தகவல் தர வேண்டிய இடத்தில் தாருங்கள். அது உங்கள் கடமை, தவறினால் தண்டனையும் உண்டு. ஆனால் தகவல் கொடுத்ததோடு கையைக் கழுவாதீர்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லாதவற்றை அவளிடம் சொல்லுங்கள். பதினெட்டு நிறைந்து இரண்டு ஆண்டுகள் வரை இந்தத் திருமணம் வேண்டாம் என்று நீதிமன்றத்தில் அவள் மனுக் கொடுக்கலாம். அப்படி ரத்தானாலும் மறுமணம் வரை ஜீவனாம்சமும் தங்குமிடமும் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அவளுடைய குழந்தையைச் சட்டம் முறையான குழந்தையாகவே கருதும். வழக்கறிஞருக்குப் பணம் வேண்டாம். பெண் என்பதாலேயே அவளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானச் சான்றுகூடத் தேவையில்லை. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இவ்வளவையும் மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். என் வாசலில் நின்ற பெண்ணுக்கு இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருக்கவில்லை.

பதிவேட்டில் 19 என்று எழுதவைக்கும் அந்த விதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதுத் தாய்க்குப் பணம் கொடுத்தால் அது குழந்தைத் திருமணத்தை ஊக்குவிப்பதாகிவிடும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. அப்படியானால் பணத்தைக் கொடுக்க வேண்டாம். ஊட்டச்சத்துப் பெட்டியையாவது வயது பார்க்காமல் கொடுக்கலாமே. பதினாறு வயதுக் கர்ப்பிணிக்கு இருபது வயதுக் கர்ப்பிணியைவிட இரும்புச்சத்து அதிகம் தேவை. அவள் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நான் எழுதினால் ஓய்வுபெற்ற செவிலியரின் மனு. நீங்கள் ஐம்பது பேர் சேர்ந்து எழுதினால் சென்னையில் படிப்பார்கள்.

உங்கள் வேலைச்சுமை எனக்குத் தெரியாதது அல்ல. காலையில் வெளிநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை நிற்கும். பல இடங்களில் இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்கிறீர்கள். இரவில் பாம்புக்கடி வரும், விடிந்தால் பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள், மதியம் கூட்டம், மாலையில் கணினியில் புள்ளிவிவரம். இதற்கு நடுவில் இந்தக் கிழவி இன்னொரு வேலை சொல்கிறாளே என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த நள்ளிரவு வலிப்பும் உங்கள் வேலைதான். ஆடியில் ஒரு மாலை நேரம் மலையேறியிருந்தால் அந்த இரவு வந்திருக்காது.

கிராம சபையில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊராட்சிச் செயலாளரிடம் இப்போதே சொல்லி, பொருள் நிரலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கடந்த ஓராண்டில் உங்கள் சுகாதார நிலையத்தில் பதிவான, பதினெட்டு நிறையாத தாய்மார்களின் எண்ணிக்கையை அங்கே நின்று வாசியுங்கள். பெயர் வேண்டாம், தெரு வேண்டாம். சின்ன ஊரில் எண்ணைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்; ஆகவே சுகாதார நிலையத்தின் கீழ் வரும் எல்லா ஊராட்சிகளுக்கும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லுங்கள். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். அந்த மௌனத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அங்கேயே தேதி வாங்குங்கள். அந்தக் குழுவில் ஆயா ஒருத்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள். நெருக்கடியில் ஒரு பெண்பிள்ளையைப் பத்து நாளோ ஒரு மாதமோ தன் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வருபவர்கள் யார் என்றும் அந்தச் சபையில் கேளுங்கள். பெயர் கொடுப்பவர்களை முதலிலேயே குழந்தைகள் நலக் குழுவிடம் தெரிவித்து அனுமதி வாங்கிவிடலாம். அப்போதுதான் நல்லது செய்யப் போனவர் மீது நாளைக்கு யாரும் புகார் சொல்ல முடியாது.

முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு அறை வீடு இருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், ஒரு அறை காலியாகத்தான் கிடக்கிறது. போன மாதம் வெள்ளையடித்து ஒரு கட்டிலும் போட்டுவைத்தேன்.

ஆகஸ்ட் 15 காலையில் எங்கள் ஊர் கிராம சபைக்கு நான் போவேன். என் பழைய நாட்குறிப்பையும் எடுத்துப்போவேன். யார் என்று சொல்லாமல், பதிவேட்டில் 19 என்று நான் எழுதிய ஒரு வயதை அங்கே எல்லார் முன்னாலும் 15 என்று திருத்திச் சொல்லப்போகிறேன். எங்கள் டாக்டரம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊரில் எப்போது தொடங்குகிறது என்று விசாரித்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தருமபுரி மாவட்டம்